12 இலக்கம், 8 பைட்டு

வங்கியில் தினமும் புழங்கும் எண் என்பதால் இந்தப் பதிவு. ஆதார் ஆணையம் 2009-ல் அமைந்தது. தொழில்நுட்ப மையம் நம்ம பெங்களூருவில். முதல் எண்ணை 2010 செப்டம்பர் 29-ல் மகாராஷ்டிராவின் தெம்ப்ளி கிராமத்தில் கொடுத்தார்கள்.

முதல் இலக்கத்தில் 0, 1 வராது. கடைசி இலக்கம் சரிபார்க்க மட்டும். ஆக, 8,000 கோடி எண்கள் கைவசம்.

இதை எழுத்தாகச் சேமித்தால் 12 பைட்டு. 4 பைட்டு முழு எண் சுமார் 429 கோடியோடு நின்றுவிடும், பத்தாது. 8 பைட்டில் தாராளமாக அடங்கும். 100 கோடிப் பேருக்கு 400 கோடி பைட்டு மிச்சம். ஒவ்வொரு இன்டெக்ஸிலும் அதே மிச்சம். சைபரில் தொடங்கும் வங்கிக் கணக்கு எண்ணை இப்படி எண்ணாக வைத்தால் சைபர் காணாமல் போகும். ஆதாரில் அந்தத் தொல்லை இல்லை.

கடைசி இலக்கம், டச்சுக் கணிதர் வெர்ஹோஃப் 1969-ல் தந்த முறை. ஒரு இலக்கம் தப்பானாலும், பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் காட்டிக் கொடுத்துவிடும். மானியம் ஆள் மாறிப் போகாமல் தடுக்கும் முதல் காவல் இதுதான்.

முக்கியமானது இன்னொன்று. எண்ணுக்குள் மாநிலம், பிறந்த தேதி எதுவும் கிடையாது. டிஎன் வண்டியைக் கேஏ ஆக்க ஆர்டிஓ ஆபீஸுக்கு அலைந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். இந்த எண் ஓசூரைத் தாண்டினாலும் அதேதான்.