முன்பெருக்கி ஏன் பிறந்தது?

ஸ்டீரியோ ஒலிக்கருவியில் ஸ்பீக்கர்களை அதிரச் செய்வது திறன் பெருக்கி. அதற்கு முன்னால் வரிசையாகக் குமிழ்களைத் தாங்கி நிற்பது முன்பெருக்கி. முன்னது வேலை செய்கிறது, பின்னது வெறும் அலங்காரம் என்று நினைப்பவர் உண்டு. இசைத்தட்டின் தடத்தைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்த்தால் அந்த நினைப்பு மாறிவிடும்.

காந்த வகைப் பிக்கப்பில், ஊசி எவ்வளவு தூரம் அசைகிறது என்பதல்ல, எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதே மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. வகுப்பில் நீங்கள் படித்த ஃபாரடேயின் விதிதான் இது. ஊசி வினாடிக்கு 5 செ.மீ. வேகத்தில் அசைந்தால் கிடைப்பது சுமார் 5 மில்லிவோல்ட். இந்த வேகத்துக்கு 1,000 ஹெர்ட்ஸில் ஊசி 8 மைக்ரோமீட்டர் அசைந்தால் போதும். மிருதங்கத்தின் தொப்பி போல 50 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிக்கோ 160 மைக்ரோமீட்டர் அசைய வேண்டும். லாங்பிளே தட்டில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர்தான்! ஊசி பக்கத்து வீட்டுக்குள் புகுந்துவிடும்.

எனவே பதிவு செய்யும்போதே கீழ் ஒலிகளைக் குறைத்து விடுகிறார்கள். தட்டின் உராய்வு இரைச்சலை அமுக்க மேல் ஒலிகளை உயர்த்தி விடுகிறார்கள். ஆக, தட்டில் இருப்பது வேண்டுமென்றே கோணலாக்கப்பட்ட இசை. அந்தக் கோணலை அதே அளவுக்கு எதிர்த்திசையில் நிமிர்த்துவதே முன்பெருக்கியின் முதற்கடமை. 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட, 50 ஹெர்ட்ஸை அது 7 மடங்கு உயர்த்துகிறது. 10,000 ஹெர்ட்ஸை ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது. தொடக்கத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி கோணலாக்கியது. ஆகவே பழைய முன்பெருக்கிகளில் கம்பெனிக்கு ஒரு நிலை என்று தேர்வுச் சுவிட்சு இருந்தது. அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம் 1954-இல் பொது அளவை வகுத்த பிறகே இந்தக் குழப்பம் மெல்ல ஓய்ந்தது.

அப்படியானால் நம் வீடுகளிலும் கல்யாண மைக் செட்டுகளிலும் முன்பெருக்கி இல்லாமலே பாட்டுக் கேட்டது எப்படி? அங்கே இருந்தது படிகப் பிக்கப். ரோஷல் உப்புப் படிகம் வளையும்போது மின்னழுத்தம் தரும். அது வேகத்தைப் பாராமல் அசைவின் தூரத்தையே பார்ப்பதால் கோணல் ஓரளவு தானாகவே நிமிர்ந்துவிடும். கிடைப்பதும் சில நூறு மில்லிவோல்ட். மலிவு, எளிது. ஆனால் அந்த உப்பு ஈரத்துக்கும் ஆகாது, வெயிலுக்கும் ஆகாது. 55 டிகிரி செல்சியஸ் சூட்டில் படிகம் கெட்டே போகும். சேலம், நாமக்கல் பக்கத்துச் சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் பிக்கப் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு வந்த செராமிக் பிக்கப் அந்தக் குறையைத் தீர்த்தது. இவை இரண்டும் காந்தப் பிக்கப்பைவிட அதிக பாரத்தோடு தட்டை அழுத்துபவை. நம் பழைய தட்டுகள் பல தேய்ந்து கரகரப்பதற்கு அந்தப் பாரமும் ஒரு காரணம். முன்பெருக்கிக்கு மிச்சப்படுத்திய பணத்தைத் தட்டில் இழந்தோம் என்றே சொல்வேன்.

காந்தப் பிக்கப்புக்கு மாறியவர்களுக்கு வேறொரு தொல்லை வந்தது. நம் மின்சாரத்தின் அதிர்வெண்ணும் 50 ஹெர்ட்ஸ்தானே! முன்பெருக்கி மிருதங்கத்தோடு மின்சார முணுமுணுப்பையும் சேர்த்து 7 மடங்கு உயர்த்துகிறது. குமாரபாளையம் போன்ற விசைத்தறி ஊரில் தெருவுக்குத் தெரு தறி மோட்டார்கள். அவை நின்றாலும் ஓடினாலும் கம்பியில் ‘டக்’கென்று ஓர் உதறல் வரும். ஆகவே உறையிட்ட கம்பி, மின்மாற்றியைத் தள்ளி வைத்தல், எல்லாத் தரைக்கம்பிகளையும் ஒரே புள்ளியில் சேர்த்தல் ஆகிய மூன்றும் சுற்றுப்படத்தைவிட முக்கியம். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த பி.சி. 149 டிரான்சிஸ்டர் இரண்டை வைத்தே நல்ல முன்பெருக்கி கட்டியவர்கள் உண்டு. தரைக்கம்பியில் கோட்டை விட்டவர்களுக்குக் கேட்டது வண்டின் ரீங்காரம்தான்.

இனிக் குமிழ்களுக்கு வருவோம். பழைய வால்வு ரேடியோவின் ‘டோன்’ குமிழ் மேல் ஒலியை வெட்ட மட்டுமே தெரிந்தது. பீட்டர் பாக்ஸண்டால் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1952 அக்டோபர் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் வெளியிட்ட சுற்று, எதிர்ப்பின்னூட்டத்தைக் கொண்டு பாஸ், டிரெபிள் இரண்டையும் ஏற்றவும் இறக்கவும் வழி செய்தது; நடுவில் நிறுத்தினால் ஒலியைத் தொடாமல் விட்டுவிடும். உலகமெங்கும் அதுவே வழக்கமாயிற்று. ‘லவுட்னஸ்’ சுவிட்சுக்கு ஆதாரம், மெல்லிய ஒலியில் நம் காது கீழ் ஸ்வரங்களைக் குறைவாகவே கேட்கிறது என்று 1933-இல் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியது. 90 டெசிபெலைத் தாண்டும் தறி ஓசைக்கு நடுவே அதனால் பெரும்பயன் இல்லை; பண்டிகைக்குத் தறி நிற்கும் இரவில் போட்டுக் கேளுங்கள்.

‘பேலன்ஸ்’ குமிழ் ஸ்டீரியோவோடு வந்தது. ஒரே தடத்தின் இரு சுவர்களில் இரு சேனல்களைப் பொறிக்கும் வழியை ஆலன் புளும்லைன் 1931-இல் லண்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1942-இல் ராடார் சோதனை விமானம் விழுந்து, 38 வயதில் மாண்டார். ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்ததோ 1958-இல். தமிழில் 1978-இன் ‘பிரியா’ படப் பாடல்களை இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்தார். அதற்கு முந்திய திரைத் தட்டுகள் பெரும்பாலும் மோனோ.

ஆகவே நமக்கு மிகவும் வேண்டிய சுவிட்சு, யாரும் விளம்பரப்படுத்தாத ‘மோனோ’ சுவிட்சுதான். மோனோ தட்டில் இசை ஊசியைப் பக்கவாட்டில் மட்டுமே அசைக்கிறது. தூசும் சுழல்மேசையின் உறுமலும் மேலும் கீழுமாகவும் அசைக்கின்றன. அந்த அசைவு இரு சேனல்களிலும் எதிரெதிராக வரும். இரண்டையும் கூட்டினால் இசை நிற்கும், மேல்கீழ் இரைச்சல் கழிந்துபோகும்.

1982-இல் வந்த குறுந்தகடு 2 வோல்ட் வரை தந்தது. 5 மில்லிவோல்ட்டைப் போல அது 400 மடங்கு. நிமிர்த்தவும் ஏதுமில்லை. முன்பெருக்கி வெறும் வால்யூம் குமிழாகச் சுருங்கியது. இப்போது இசைத்தட்டு மீண்டும் விற்கும் நாளில் அது உள்ளங்கை அளவுப் பெட்டியாகத் திரும்பி வந்திருக்கிறது. பலவற்றில் மோனோ சுவிட்சு இல்லை. பெட்டியின் இரு வெளியீடுகளிலிருந்தும் தலா 1 கிலோ ஓம் மின்தடையைக் கொண்டுவந்து ஒன்றாக இணையுங்கள். இணைந்த புள்ளியைத் திறன் பெருக்கியின் இரண்டு உள்ளீடுகளுக்கும் கொடுங்கள். தாத்தா வாங்கிய தட்டைச் சுழலவிட்டு வித்தியாசத்தைக் கேட்கலாம்.