மடுல்சீமைக் கோப்பி இலை

1869இல் இலங்கையின் ஊவா மலையில், மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சில கோப்பிச் செடிகளின் இலைக்கு அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருந்தது. விரலால் தடவினால் ஒட்டிக்கொள்ளும் தூள். கொஞ்ச நாளில் அந்த இலைகள் உதிர்ந்தன. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அவற்றைப் பார்த்தவர் பெர்க்லி என்ற பாதிரியார். அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளிய உருளைக்கிழங்கு நோய்க்குக் காரணம் ஒரு பங்கசுதான் என்று 1846இலேயே வாதாடியவர் இவர். மடுல்சீமை இலையிலும் பங்கசுதான். வித்தியின் ஒரு பக்கம் முள்முள்ளாக, மறுபக்கம் வழுவழுப்பாக இருந்தது. அதே ஆண்டில் ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்.

விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில் இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை வரும். உலகத்தில் கோப்பி பயிரிடும் நாடுகள் எல்லாம் இன்றும் அஞ்சுகிற நோய் இது. 1970இல் பிரேசிலில் தலைகாட்டியபோது அந்த நாடே பதறியது. அதன் முதல் பெரிய பாடம் நம்முடைய ஊவா மலையில்தான் படிக்கப்பட்டது. எல்லவுக்கு வருகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் எடுத்துப் போகிறார்கள். அந்தப் பாலத்தையும், 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்த ரயில் பாதையையும் விட, இந்த மலைகளின் தலையெழுத்தை மாற்றியது அந்தத் தூள்தான் என்பேன்.

தோட்டத் துரைமார் முதலில் அசையவில்லை. கோப்பி விலை ஏறிக்கொண்டே இருந்தது. விளைச்சல் குறைந்தாலும் வருமானம் குறையவில்லை. புதுக் காடுகளை வெட்டி எரித்து மேலும் மேலும் நட்டார்கள். 1870களின் கடைசியில் தீவில் சுமார் 2,75,000 ஏக்கரில் கோப்பி நின்றது.

பிறகுதான் பயம் வந்தது. 1880இல் ஹரி மார்ஷல் வார்டு என்ற இளைஞரை அரசாங்கம் வரவழைத்தது. வயது இருபத்தைந்து சொச்சம். அவர் வேலை செய்த முறையை இன்றைக்கு நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. தோட்டங்களில் கண்ணாடித் தகடுகளை வைத்துக் காற்றில் வரும் வித்திகளைப் பிடித்தார். நுணுக்குக்காட்டியில் வைத்து எண்ணினார். இலையில் ஈரம் இருந்தால் வித்தி முளைக்கிறது, இலைவாய் வழியாக உள்ளே நுழைகிறது, சில வாரங்களில் புதுத் தூளாக வெளியே வருகிறது என்று ஒவ்வொரு படியாகக் காட்டினார். நோய் மண்ணில் இல்லை, வானிலையில் இல்லை, காற்றில் ஏறிப் போகிறது. காட்டை அழித்து மலைக்கு மலை ஒரே பயிரை நட்டதால் அதற்குத் தடையே இல்லை என்றார். கச்சான் வீசும் மாதத்தில் எல்ல கணவாயில் நின்று பார்த்தவருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

துரைமார் கேட்டது மருந்து. வார்டிடம் மருந்து இருக்கவில்லை. ஏமாற்றத்தோடு அனுப்பிவிட்டார்கள். அவர் சொன்ன காரணத்தைக் காதில் போட்டுக்கொள்ளவும் இல்லை. கோப்பி நின்ற அதே சரிவுகளில் அதே விதமாக, ஒரே பயிராகத் தேயிலையை நட்டார்கள்.

1884இல், தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஒரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் கைமாறின, பல இடங்களில் ஆட்களுக்குச் சம்பளம் நின்றது. இடையில் மருந்துப் பட்டைக்காகச் சிங்கோனாவை நட்டுப் பார்த்தார்கள். பட்டை அளவுக்கு மிஞ்சிச் சந்தைக்கு வந்து விலை விழுந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் போட்ட தேயிலைதான் நிலைத்தது. 1875இல் ஆயிரம் ஏக்கரை ஒட்டி இருந்த தேயிலை, இருபதே வருடத்தில் மூன்று லட்சத்தைத் தாண்டியது.

மலையகத் தமிழரான நம் சனத்தின் கதை இந்த இடத்தில்தான் திரும்புகிறது. சரித்திரம் எழுதுகிறவர்கள் டெய்லரையும் லிப்டனையும் பாடிவிட்டு இதைத் தாண்டிப் போவது எனக்கு வலிக்கிறது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் சில மாதங்களில்தான் நிறையக் கை வேண்டும். கங்காணி தென்னிந்தியாவிலிருந்து ஆள் கட்டி வருவான். மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் தப்பியவர்கள் மலை ஏறுவார்கள். பெரும்பாலும் ஆண்கள். வேலை முடிந்தால் பலர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். தேயிலை அப்படியல்ல. வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை கொழுந்து வந்துகொண்டே இருக்கும், வருடம் முழுக்க எடுக்க வேண்டும். பெண்களின் கை வேண்டும், குடும்பம் வேண்டும். லயங்கள் நீண்டன. தொட்டில் கட்டினார்கள், கோயில் கட்டினார்கள், செத்தவர்களை இங்கேயே புதைத்தார்கள். என் அப்பாயி வயதான ஆட்களைப் பற்றிப் பேசும்போது “கோப்பிக் காலத்து ஆள்” என்றுதான் தொடங்குவார். அவருக்கு அது வேறொரு உலகம். வந்துபோனவர்களின் உலகம்.

1948இன் குடியுரிமைச் சட்டம் அந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்தவர், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டச் சொன்னது. லயத்துக் காம்பிராவில் மருத்துவிச்சி கையில் பிறந்தவர்களுக்கு எந்தப் பத்திரம் இருந்தது? கோப்பி செத்த பிறகு ஊர் திரும்பாமல் இந்த மலையிலேயே பெற்று வளர்ந்த தலைமுறைகளை, பருவத்துக்கு வந்துபோகும் கோப்பிக் கூலிகளாகவே எண்ணிக் கழித்துவிட்டார்கள். நாடற்றவர்களாக மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது.