அ. லலிதா

அய்யலசோமயாஜுல லலிதா (1919–1979) இந்தியாவில் பொறியியல் பட்டம் பெற்ற முதல் பெண்களுள் ஒருவர். நாட்டின் முதல் பெண் மின்பொறியாளராக அறியப்படுபவர். சென்னையில் வாழ்ந்த தெலுங்குக் குடும்பமொன்றில் பிறந்த இவருக்கு 15 வயதில் திருமணம் நடந்தது. மகள் பிறந்த நான்கு மாதங்களில், 18 வயதில் கணவரை இழந்தார். கைம்பெண் என்றால் வீட்டுக்குள் ஒடுங்கிவிட வேண்டும் என்று சமூகம் எதிர்பார்த்த அக்காலத்தில், மகளைத் தாமே வளர்க்கத் துணைபுரியும் ஒரு தொழிற்கல்வியை அவர் நாடினார். சென்னை மருத்துவக் கல்லூரி 1875 முதலே பெண்களைச் சேர்த்துவந்தது என்றாலும், நள்ளிரவிலும் அழைப்பு வரக்கூடிய மருத்துவப் பணி கைக்குழந்தையின் தாய்க்கு ஒத்துவராது என்று கருதிப் பொறியியலைத் தேர்ந்தார்.

கிண்டிப் பொறியியல் கல்லூரியில் அதுவரை பெண்கள் பயின்றதில்லை. அங்கே மின்பொறியியல் பேராசிரியராக இருந்த லலிதாவின் தந்தை பப்பு சுப்பாராவ், முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசி இசைவு பெற்ற பின்னரே 1940இல் இவருக்கு இடம் கிடைத்தது. தந்தையின் செல்வாக்கு இதில் பெரும்பங்கு வகித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கல்லூரி அத்துடன் நில்லாது, பெண்களும் விண்ணப்பிக்கலாம் என அறிவித்ததால்தான் இது ஒரு குடும்பத்துக்கான விதிவிலக்காக முடியவில்லை. அதன்பின் லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா ஆகியோர் கட்டடப் பொறியியலில் சேர்ந்தனர். லலிதா 1943இல் பட்டம் பெற்றார். ஆண்பால் சுட்டுடன் அச்சிட்டு வைத்திருந்த பட்டச் சான்றிதழில் அச்சொல்லை அடித்துப் பெண்பாலாகத் திருத்தி வழங்க நேர்ந்தது.

ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் செய்முறைப் பயிற்சியை முடித்துச் சிம்லாவில் அரசுப் பணியில் சில ஆண்டுகள் இருந்த லலிதா, தந்தையின் ஆய்வுகளுக்கும் சிறிது காலம் துணைநின்றபின், 1948இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் பிரிட்டிஷ் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நகரில் சகோதரர் குடும்பம் இருந்ததால் மகளை வளர்க்கத் துணை கிடைத்தது. கைம்பெண் ஒருத்தி தனியே வெளியூர்க் களப்பணிக்குச் செல்வது முறையன்று எனக் கருதப்பட்டமையால் அவர் பெரும்பாலும் வடிவமைப்புப் பணியையே ஏற்றார். மின்செலுத்து தடங்களுக்கும், உயர் மின்னழுத்தத்தைக் குறைத்துப் பகிர்ந்தளிக்கும் துணைமின் நிலையங்களுக்கும் வரைபடம் அமைத்தார். அவர் பங்கேற்ற பணிகளுள் பக்ரா நங்கல் அணைத்திட்டத்தின் மின்னாக்கிகள் தொடர்பானது பெரிதும் அறியப்பட்டது. அவர் வகுத்த திட்டங்கள் எழுந்த இடங்கள் பலவற்றுக்கு அவரே செல்ல இயலாமற்போனது, கல்லூரி வாயில் திறந்த பின்பும் தொழிலுக்குள் நீடித்த தடையைக் காட்டுகிறது.

பெண் பொறியாளர்கள், அறிவியலாளர்களின் முதல் உலக மாநாடு 1964இல் நியூயார்க்கில் நடந்தபோது, இந்தியாவில் அதற்குரிய அமைப்பு ஏதும் இல்லாமையால் லலிதா தனிநிலையிலேயே கலந்துகொண்டார்; மறு ஆண்டு லண்டனில் உள்ள மகளிர் பொறியியல் சங்கத்தின் முழு உறுப்பினரானார். உடன்பயின்ற திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். லலிதா 1977இல் ஓய்வுபெற்று, 1979 அக்டோபர் 12 அன்று தம் 60ஆம் வயதில் காலமானார்.