தீவகத்தில் இரத்தசோகையும் மூட்டு மாற்றுச் சிகிச்சையும்

யாழ்ப்பாணத் தீவகத்தில் இரத்தசோகைக்கு மருந்து கொடுக்கும் வழக்கம் மிகப் பழையது. அதைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே தீர்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் மிகப் புதியது. ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு மக்களுக்கு இந்தப் புதிய எண்ணம் மற்றெவரையும்விட அதிகம் பயன்படும்.

சித்த வைத்தியர்கள் இந்நோயைப் பாண்டு என்றும் சோகை என்றும் குறித்தனர். கீழிமையை இழுத்து வெளிறலைப் பார்த்தார்கள். நாக்கையும் நகத்தையும் பார்த்தார்கள். சிறிது நடந்தாலே மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார்கள். அயச்செந்தூரம், மண்டூரம், அன்னபேதிச் செந்தூரம் என அவர்கள் கொடுத்த மருந்துகளில் இரும்பே முதன்மையானது. அன்னபேதி என்பது இரும்புச் சல்பேற்று. 1830களில் பிரான்சில் பியர் பிளோ என்ற மருத்துவர் புகழ்பெறச் செய்த குளிசையும் அதே உப்பிலிருந்து செய்யப்பட்டதுதான். புடமிட்டுச் செந்தூரமாக்கும்போது அந்த உப்பு பெரும்பாலும் ஒட்சைட்டாகிவிடும் என்பதால் இரண்டையும் ஒரே மருந்தாகக் கொள்ள முடியாது. ஆனால் வெளிறிய உடலுக்கு இரும்பு வேண்டும் என்ற கணிப்பில் இரு மரபும் ஒன்றுபட்டன.

யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் பரராசசேகரம் என்ற வைத்திய நூலில் அறுவை பற்றிய சத்திரவிதி, நாளம் பற்றிய சிரைவிதி என்ற பகுதிகளும் உண்டு. ஆனால் முழங்கால் நோவுக்கு ஊரில் கிடைத்தது எண்ணெயும் ஒற்றடமும்; எலும்பு முறிவுக்குப் புக்கை கட்டினார்கள். மூட்டைத் திறக்காத வைத்தியத்தில் இரத்த இழப்பு என்ற கவலைக்கு இடமிருக்கவில்லை.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவருடைய ‘இரண வைத்தியம்’ 1867இலும் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் வெளிவந்தன. அறுவை மருத்துவம் தமிழ்ப் பாடநூலானது பெரிய காரியம். இருந்தும் பாதுகாப்பாக இரத்தம் ஏற்றத் தெரிந்திருக்க வேண்டிய இரத்த வகைகளைக் கார்ல் லான்ட்ஸ்டெய்னர் கண்டறிய 1901 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1962இல் இங்கிலாந்தின் றைற்றிங்டனில் ஜோன் சார்ன்லி நவீன இடுப்பு மூட்டு மாற்றை நிலைபெறச் செய்தார். அடுத்த பத்தாண்டில் முழங்கால் மாற்றும் பரவியது. இழந்த இரத்தத்துக்குப் பிறர் இரத்தம் ஏற்றுவது அப்போது சாதாரணம். 1980களில் எச்ஐவி அச்சம் அந்த வழக்கத்தை அசைத்தது. நோயாளியின் சொந்த இரத்தத்தைக் காப்பதை உலக சுகாதார அமைப்பு 2010இல் தீர்மானமாகவே வலியுறுத்தியது.

சொந்த இரத்தத்தைக் காக்க முதலில் சோகையை அறிய வேண்டும். உலக சுகாதார அமைப்பின் வழமையான அளவுகோலில் டெசிலீற்றருக்கு ஆண்களில் 13 கிராமுக்கும், கர்ப்பிணியல்லாத பெண்களில் 12 கிராமுக்கும் குறைந்த ஹீமோகுளோபின் இரத்தசோகை. மூட்டு மாற்றுக்கு வருவோரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அது இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இரும்புக் குறைபாடு முக்கிய காரணம். ஆண்டுக்கணக்காக மூட்டு நோவுக்கு விழுங்கிய வலி மாத்திரைகளால் இரைப்பையில் கசியும் இரத்தமும் அதற்கு வழியாகிறது. சிறுநீரக நோயிலோ தலசீமியாவிலோ வரும் சோகை இரும்பால் மட்டும் தீராது. ஆகவே காரணத்தை அறியாமல் குளிசை கொடுப்பது போதாது.

தீவக நோயாளிக்குக் கடலும் ஒரு காரணி. மண்டைதீவு, வேலணை வழியாகப் புங்குடுதீவு வரை தாம்போதிகள் உண்டு. நெடுந்தீவிலிருந்தோ புங்குடுதீவின் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அதன்பின் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குப் பஸ் பயணம். காற்றுக் காலத்தில் படகும் நிச்சயமில்லை. சத்திரசிகிச்சைக்கு வந்தபின் சோகை தெரியவந்தால் திகதி தள்ளிப்போகும். நோயாளி மீண்டும் கடல் கடக்க வேண்டும்.

இரும்புக் குளிசையால் ஹீமோகுளோபின் உயர வாரங்கள் தேவை. அவகாசம் குறைவானால், அல்லது வயிறு குளிசையைத் தாங்காவிட்டால், நாளத்தின் வழியே இரும்பு ஏற்றலாம். குளிசையோடு தேத்தண்ணி குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும். தேசிக்காய்ச் சாறு அதைக் கூட்டும். நாளத்தின் வழியே இரும்பு ஏற்றுவதைத் தவிர மற்றவை வீட்டிலிருந்தே நடக்கக்கூடியவை என்பதால், இரத்தப் பரிசோதனையைச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கும் வேளையிலேயே செய்வது தீவக நோயாளிக்கு ஏற்றது.