பரவல் நிறமாலையில் ஒத்திசைவு: நாவிக் கடிகாரங்களின் கதை

குறுகிய அலைவரிசையில் அடங்கக்கூடிய செய்தியை வேண்டுமென்றே பல மடங்கு அகலப்படுத்தி அனுப்புவதே பரவல் நிறமாலை முறை. பரப்ப உதவுவது, ஒழுங்கற்றதுபோல் தோன்றும் ஒரு குறித்தொடர். இந்தியாவின் நாவிக் செயற்கைக்கோள்களின் பொதுச்சேவையில் இத்தொடருக்கு 1023 சில்லுகள் (கணினிச் சில்லு அல்ல, தொடரின் ஒரு துண்டு). ஒரு மில்லிவினாடியில் முடிந்து மறுபடி தொடங்கும். அமெரிக்க ஜி.பி.எஸ்.ஸிலும் இதே நீளம்தான். தரைக்கு வரும்போது குறிப்பலை இரைச்சலுக்கும் கீழே அமிழ்ந்திருக்கும். வாங்கி அதே தொடரைத் தானும் உருவாக்கிச் சரியான இடத்தில் பொருத்தினால்தான் மேலெழும். ஒரு சில்லு பிசகினாலும் இரைச்சல்தான்.

கச்சேரிக்குத் தாமதமாக வந்தவர் தாளத்தைப் பிடிப்பது போன்ற வேலை இது. ஆவர்த்தனம் எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது, காலப்பிரமாணமும் தெரியாது. செயற்கைக்கோள் நகர்வதால் வரும் டாப்ளர் விலகல்தான் இங்கே காலப்பிரமாணம். ஜி.பி.எஸ். வாங்கி அரைச்சில்லு இடைவெளியில் 2046 இடங்களையும், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 20 அலைவெண்களையும் சோதிப்பது வழக்கம். சுமார் 40,000 சேர்க்கைகள். பிடித்தபின் நழுவவிடக் கூடாது. ஆகவே சற்று முந்திய நகலொன்றும் பிந்திய நகலொன்றும் ஓடும். எது பலமாகப் பொருந்துகிறதோ அந்தப் பக்கம் வாங்கி நகரும்.

பாடநூல்கள் ஒத்திசைவைச் செய்தி படிப்பதற்கான ஆயத்தமாகவே சொல்கின்றன. இடங்காட்டிகளில் அது போதாது. எவ்வளவு நகர்த்தியபின் பொருந்தியது என்பதே அங்கு அளவீடு. தூரம் அதிலிருந்துதான் கிடைக்கிறது. ஒரு சில்லு சுமார் 293 மீட்டர், ஒரு நானோவினாடி 30 சென்டிமீட்டர். அனுப்பும் பக்கத்துக் கடிகாரம் கெட்டால் பொருத்தம் கிடைத்தும் இடம் தெரியாது.

2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1ஏவுக்கு நேர்ந்தது இதுதான். வெளிநாட்டில் வாங்கிய அதன் மூன்று ருபீடியம் கடிகாரங்களும் செயலிழந்த செய்தி 2017 ஜனவரியில் வெளியானது. செய்தி அனுப்ப மட்டும் அது பயன்பட்டது. இடம் சொல்ல உதவவில்லை. மாற்றாக 2017 ஆகஸ்ட் 31 அன்று ஏவப்பட்டது வெப்பக்கவசம் பிரியாமல் வீணாயிற்று. 2018 ஏப்ரல் 12 அன்றுதான் அடுத்தது வெற்றிகரமாக மேலே போனது. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்.வி.எஸ்-01இல், அகமதாபாத்தில் உருவான ருபீடியம் கடிகாரம் முதன்முறையாக இடம்பெற்றது. என் கணக்கில் நாவிக்கின் உண்மையான திருப்பம் அதுவே.

வெஸ்ட் ஈலிங்கில் வழி தேடும் எனக்கு நாவிக் கிடையாது. அதன் சேவை இந்தியாவுக்கும், எல்லைக்கு அப்பால் 1500 கிலோமீட்டர் வரைக்கும்தான். யாழ்ப்பாணம் அதற்குள் வருகிறது.