மோட்டாரும் வண்ணமும்

அலமாரி செய்யும் தச்சரிடம் பூச்சைப் பற்றிப் பேசினால், "வார்னிஷ் போதுமா, டியூக்கோ அடிக்கலாமா?" என்று அவர் கேட்பதுண்டு. டியூக்கோ தமிழ்ச் சொல்லன்று. நம் நாட்டில் பிறந்ததுமன்று. அமெரிக்காவில் மோட்டார் வண்டிக்கெனத் தோன்றிய ஒரு பூச்சின் வணிகப் பெயர் அது. அப்பெயர் நம் வீட்டு அலமாரி வரை வந்து சேர்ந்திருக்கிறதென்றால், அதன் பின்னே ஒரு வரலாறு இருத்தல் வேண்டுமன்றோ? அதனை இன்று சிறிது காண்போம்.

முதல் மோட்டார்கள் குதிரை வண்டியின் மரபில் வந்தவை. ஆகவே குதிரை வண்டிக்குப் பூசிய ஆளி விதை எண்ணெய்ப் பூச்சும் வார்னிஷுமே அவற்றுக்கும் பூசப்பட்டன. தூரிகையால் ஒரு பூச்சு. அது உலரும்வரை காத்திருத்தல். பிறகு தேய்த்துச் சமன் செய்தல். மீண்டும் ஒரு பூச்சு. இவ்வாறு ஒரு வண்டி முடிவதற்குப் பல வாரங்கள் ஆயின. அத்துணை உழைப்பும் வெயிலில் மங்கி வெடித்துச் சில ஆண்டுகளில் வீணாவதுண்டு.

1913-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலையில் நகரும் இணைப்புத் தடம் ஓடத் தொடங்கியது. முன்பு 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த அடிச்சட்ட வேலை, மறு ஆண்டில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கிற்று. இரும்பு வேலை விரைந்தது. வண்ணமோ விரைய மறுத்தது. 1908-இல் பல நிறங்களில் வெளிவந்த 'மாடல் டி' வண்டி, 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. கறுப்புப் பூச்சு விலை குறைந்தது, நெடுநாள் உழைப்பது. அதன் சில பகுதிகளுக்குக் கீல் கலந்த பூச்சிட்டு, சூளையில் சுட்டு உலர்த்தினார்கள்.

இத்தடையை நீக்கிய பொருள் எது தெரியுமா? வெடிமருந்துக்கு உறவான ஒரு பொருள்! பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் தோய்த்து வெடிபஞ்சு செய்யலாம் என்பதை 1846-இல் ஷோன்பைன் என்ற வேதியியல் பேராசிரியர் வெளியிட்டார். முதல் உலகப் போரில் அவ்வகைப் பொருள் மலைமலையாகச் செய்யப்பட்டது. 1918-இல் போர் ஓய்ந்தபின், டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலார் அவ்வினத்தைச் சேர்ந்த நைட்ரோசெல்லுலோசைக் கரைத்து, தெளிப்புக் குழாயால் அடிக்கத்தக்க பூச்சாக்கினர். அதுவே டியூக்கோ. 1923-இல் ஓக்லண்டு என்னும் வண்டி நீல நிற டியூக்கோவுடன் வெளிவந்தது. வாரக் கணக்கு மணிக் கணக்காயிற்று. தெருக்களில் நிறங்கள் பெருகின. பின்னர் எனாமல், அக்ரிலிக் ஆகியவை வந்தன. 1980-களில் நிறத்தின்மேல் நிறமற்ற ஒரு மேற்பூச்சு இடும் முறை பரவிற்று.

இவ்வரலாறு தெரியாததால் நான் பட்ட இழப்பொன்றைச் சொல்கிறேன். என் தந்தையார் விட்டுச்சென்ற பழைய அம்பாசிடர் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. ஓய்வு பெற்றபின் அதனைப் புதுப்பிக்க முனைந்தேன். மங்கிய முகப்பில் ரப்பிங் காம்பவுண்டை இட்டுத் தேய்த்தேன். சற்று நேரத்தில் பளபளப்புத் தோன்றியது. மகிழ்ச்சியால் இன்னும் அழுத்தினேன். முகப்பின் விளிம்பில் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. அது அடியிலிருந்த பிரைமர்! தந்தையார் ஒவ்வொரு ஞாயிறும் துடைத்துக் காத்த வண்ணத்தை ஒரு மாலையில் நான் துடைத்தே எடுத்துவிட்டேன்.

பின்னரே காரணத்தை ஆராய்ந்தேன். பூச்சுகள் யாவும் சேர்ந்தாலும் பெரும்பாலும் ஓர் எழுதுதாளின் கனத்தைவிடச் சிறிதே மிகும். வெயில் மேற்பரப்பைச் சிதைத்துப் பொடியாக்குகிறது. தேய்த்தல் என்பது அப்பொடியை நீக்கி, உள்ளிருக்கும் நல்ல வண்ணத்தை வெளிக்கொணர்தலே. புது வண்ணம் சேர்ப்பதன்று. விளிம்புகளில் பூச்சு மேலும் மெல்லியது.

ஆகவே, பழைய வண்டியைத் தொடுமுன் நன்கு கழுவுங்கள். மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் அது பெரும்பாலும் பழைய முறைப் பூச்சு. ஏறாவிடில் நிறமற்ற மேற்பூச்சு இருக்கக் கூடும். மென்மையான பாலிஷிலிருந்தே தொடங்குங்கள், விளிம்புகளில் காகித நாடா ஒட்டுங்கள், முடிவில் மெழுகிடுங்கள். மெழுகு காக்குமே தவிர, போன பூச்சை மீட்காது.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பழைய பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கலாம். அவற்றை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பலாகாது. வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்தலே நன்று. தின்னர் எளிதில் தீப்பற்றும். இக்காலத்து இருகலவைப் பூச்சுகளில் உள்ள ஐசோசயனேட்டு மூச்சுக்குழலைக் கெடுத்து ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. துணி முகமூடி அதனைத் தடுக்காது. பட்டி பார்த்து வண்ணம் தெளிக்கும் வேலையைத் தக்க கருவியுடைய பட்டறையாளரிடமே விட்டுவிடுங்கள்.

எங்கள் வண்டியின் முகப்பில் அந்தச் சாம்பல் தழும்பு இன்றும் இருக்கிறது. அதன்மேல் வண்ணம் தெளிக்க நான் இசையவில்லை. எஞ்சிய பகுதியை மெல்லிய துணியால், நாளொன்றுக்கு ஒரு பலகை வீதம், பொறுமையாகத் துலக்கி முடித்தேன். தொழிற்சாலைகள் எந்தக் காத்திருப்பிலிருந்து விடுபட முயன்றனவோ, அந்தக் காத்திருப்பையே பழைய வண்ணம் நம்மிடம் மீண்டும் கேட்கிறது.