சாங்கிப் பீரங்கிகள் திசை மாறி நின்றனவா?

சிங்கப்பூரின் வீழ்ச்சியைப் பற்றிப் பேசுவோர் ஒரு கூற்றைத் தவறாமல் எடுத்தாள்வர். பிரிட்டிஷாரின் பீரங்கிகள் கடலை நோக்கி நின்றன, பகைவனோ பின்புறமாகத் தரைவழியே வந்துவிட்டான் என்பதே அது. கேட்பதற்குச் சுவையான இக்கூற்று எந்த அளவு உண்மை என்பதைச் சாங்கியில் இருந்த ஜொகூர் பீரங்கித் தளத்தின் வரலாறு தெளிவாக்கும்.

முதல் உலகப் போருக்குப் பின் ஜப்பானின் கடற்படை வலிமை ஓங்கியது. அதனை எதிர்கொள்ளும் பொருட்டுச் சிங்கப்பூரின் வடகரையில், செம்பவாங்கில், பிரிட்டன் ஒரு பெரிய கடற்படைத் தளத்தை அமைத்தது. அது 1938-இல் திறக்கப்பெற்றது. கிழக்கிலிருந்து ஜொகூர் நீரிணைக்குள் நுழையும் கப்பல் எதுவும் சாங்கியைக் கடந்தே செல்ல வேண்டும். ஆகவே அங்கே 15 அங்குலப் பீரங்கிகள் மூன்று நிறுவப்பட்டன. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவையொட்டி 1935-இல் ஜொகூர் சுல்தான் இப்ராகிம் 5 இலட்சம் பவுன் நன்கொடை அளித்தார். அதன் நினைவாகவே தளம் ஜொகூரின் பெயரைப் பெற்றது.

ஒவ்வொரு பீரங்கியின் குழலும் 50 அடிக்கு மேல் நீளமுடையது. ஒரு குண்டின் எடையோ 1,900 இறாத்தலுக்கும் அதிகம். 20 மைல் தொலைவிலுள்ள கப்பலையும் அவை தாக்க வல்லவை. குண்டுகள் நிலத்தடி அறைகளில் சேமிக்கப்பட்டிருந்தன.

இப்பீரங்கிகள் அசையாது கடலையே பார்த்து நின்றவை அல்ல. மூன்றில் இரண்டு ஏறத்தாழ எத்திசையிலும் திரும்பக்கூடியவை. 1942 பிப்ரவரியில் அவை நிலப்பக்கம் திருப்பப்பட்டு, ஜொகூர் பாருவை நோக்கிச் சுடவும் செய்தன. புவோனா விஸ்டாவிலிருந்த வேறு இரு 15 அங்குலப் பீரங்கிகளே அவ்வாறு திரும்ப இயலாதவை.

அங்ஙனமாயின் குறை எங்கே? குண்டிலே இருந்தது. போர்க்கப்பலின் எஃகுக் கவசத்தைத் துளைப்பதற்கென்றே அக்குண்டுகள் செய்யப்பட்டிருந்தன. அவற்றின் உறை மிகத் தடித்தது. உள்ளிருந்த வெடிமருந்தோ சிறிதளவே. கவசத்தைத் துளைத்து உட்சென்ற பின்னரே அவை வெடிக்கும். அத்தகைய குண்டு மென்மையான மண்ணில் விழுந்தால் ஆழப் புதைந்து வெடிக்கும். மேலே பரவி நிற்கும் காலாட்படைக்கு அதனால் பெருஞ்சேதம் விளையாது. படையினரைத் தாக்குவதற்கு வேண்டிய, வெடித்துச் சிதறும் குண்டுகள் இப்பெரும் பீரங்கிகளுக்கு வழங்கப்படவே இல்லை.

குண்டின் குறைக்குப் பின்னால் கருத்தின் குறை இருந்தது. மலாயாக் காடுகளைக் கடந்து பெரும்படை வர இயலாது எனப் பலர் நம்பினர். வடக்கிலிருந்து தாக்குதல் வரக்கூடும் என்று மலாயாப் படைத்தலைவர் டாபி 1937 அளவிலேயே எச்சரித்திருந்தும், தக்க தரைக்காப்பு அமையவில்லை. 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியர், 1942 பிப்ரவரி 8 இரவில் சிங்கப்பூரின் வடமேற்குக் கரையில் கால்வைத்தனர். பிப்ரவரி 12-இல், சாங்கியை விட்டுப் பின்வாங்கிய பிரிட்டிஷாரே தம் பீரங்கிகளை வெடிவைத்து அழித்தனர். மூன்று நாட்களில் நகரம் சரணடைந்தது.

மறக்கப்பட்டுக் கிடந்த நிலத்தடி அறைகள் 1991-இல் மீண்டும் கண்டறியப்பட்டன. பின்னர் அவ்விடத்தில் ஒரு மாதிரிப் பீரங்கி நிறுவப்பட்டு, 2002-இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பெற்றது.

‘பீரங்கி தவறான பக்கம் பார்த்தது’ என்னும் கதை, தோல்விக்குக் காரணம் யாரோ ஒரு பொறியாளரின் மடமையே என மாணவரை எண்ணச் செய்யும். உண்மை அதனினும் கடுமையானது. பீரங்கி திரும்பியது, அதை அமைத்தோரின் எண்ணம் திரும்பவில்லை. வகுப்பறையில் கற்பிக்க வேண்டிய பாடம் இதுவேயாகும்.